கைபேசி: நுகர்பொருளா, உழைப்புக் கருவியா?

புதிய கைபேசி ஒன்று சந்தைக்கு வந்த சில மணி நேரத்திற்குள் அதைப் பற்றிய மதிப்புரைகள் குவிந்துவிடுகின்றன. திரை எத்தனை அங்குலம், கேமரா இரவில் எப்படிப் படமெடுக்கிறது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, போன ஆண்டு மாடலைவிட எவ்வளவு வேகம் என்றெல்லாம் அலசி ஆராயப்படுகிறது. இறுதியில், கொடுக்கும் காசுக்குத் தகுந்த பொருள்தானா என்ற தீர்ப்பும் வழங்கப்படுகிறது. தொழில்நுட்ப ஆர்வலர்களின் இந்த மதிப்புரைகள் இன்று தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டன. ஸ்மார்ட் கைக்கடிகாரம், ஓடிடி சந்தா, பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் செயலி என எதுவும் அவர்களின் பார்வைக்குத் தப்புவதில்லை.

ஆனால், இந்த மதிப்புரைகள் ஏறக்குறைய அனைத்தும் ஒரு குறிப்பிட்ட மனிதரை மனதில் கொண்டே எழுதப்படுகின்றன. அவர் விரும்பினால் வாங்குவார், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார். அவர் பெயர் நுகர்வோர். அவரிடம் காசு இருக்கிறது. தெரிவு செய்யும் சுதந்திரமும் இருக்கிறது. கிழக்குப் பெங்களூருவின் ஜீவனஹள்ளியில் நின்று பார்த்தால் இந்த மனிதர் கண்ணில் படுவது அரிது.

ஜீவனஹள்ளியின் அளவுகோல்

காக்ஸ் டவுனை ஒட்டி, பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்திற்கு அருகே அமைந்த பகுதி ஜீவனஹள்ளி. தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. கண்டோன்மெண்ட் காலந்தொட்டுத் தமிழ் உழைப்பாளர்கள் வேரூன்றிய கிழக்குப் பெங்களூருவின் ஒரு துண்டு. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், அண்மை ஆண்டுகளில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து செல்லும் இளைஞர்கள் என இத்தகைய பகுதிகளில்தான் இந்நகரை இயக்கும் மனிதர்கள் வாழ்கின்றனர்.

இவர்கள் ஒவ்வொருவரிடமும் இன்று கைபேசி இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டித்தான் ‘டிஜிட்டல் புரட்சி ஏழையின் வீடு வரை வந்துவிட்டது’ என்று ஆட்சியாளர்கள் மார்தட்டுகின்றனர். வந்திருப்பது உண்மைதான். எப்படி வந்தது என்பதே கேள்வி.

உணவு விநியோகம் செய்யும் ஓர் இளைஞரின் கைபேசித் திரை மாலை ஆறு மணிக்கு உடைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்புரை படிக்கும் நுகர்வோருக்கு அது ஓர் எரிச்சல். புதிய மாடலுக்கு மாற ஒரு சாக்கு. இந்த இளைஞருக்கோ அன்றைய இரவு வருமானம் அந்த நொடியே நின்றுவிடுகிறது. வரைபடம் இல்லை, ஆர்டர் இல்லை, கூலிக் கணக்கு இல்லை. இயந்திரம் பழுதானதும் கதவடைப்புக்கு உள்ளாகும் ஆலைத் தொழிலாளியின் நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஆலையில் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது முதலாளியின் செலவு. இங்கே அது தொழிலாளியின் செலவு.

இதுதான் ஜீவனஹள்ளியின் அளவுகோல். கைபேசி என்பது இங்கே ஆசைப்பட்டு வாங்கும் நுகர்பொருள் அல்ல. உழைக்கும் மனிதர் தன் சொந்தக் காசில் வாங்கியாக வேண்டிய உழைப்புக் கருவி. இந்த உண்மையை ஏற்றுக்கொண்டால், கருவிகளைப் பற்றி இதுவரை கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தையும் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆர்வலரின் நேர்மையும் அதன் எல்லையும்

தொழில்நுட்ப ஆர்வலர்களை ஒட்டுமொத்தமாக ஏளனம் செய்வது நியாயமாகாது. நிறுவனங்களின் விளம்பரப் பொய்களை உடைத்து, மக்களின் காசை மிச்சப்படுத்திய மதிப்புரைகள் உண்டு. கருவியைப் பிரித்துக் காட்டி, பேட்டரியைப் பசையால் ஒட்டி வைத்திருக்கும் தந்திரத்தை அம்பலப்படுத்தியவர்களும் உண்டு. கருவியின் மீது உண்மையான காதல் கொண்டவர்களுக்கு, அது வீணடிக்கப்படுவதைக் கண்டு கோபம் வருவது இயல்பே.

மறுபுறம், மதிப்புரை என்ற பெயரில் விளம்பரம் செய்வோரும் பெருகியுள்ளனர். நிறுவனம் இலவசமாகக் கொடுத்த கருவியை, நிறுவனம் கொடுத்த காசுக்குப் புகழும் வழக்கம் எல்லை மீறியதால்தான், 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் நலத்துறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சமூக ஊடகப் பிரபலங்கள் தாங்கள் பெறும் பணத்தையும் பரிசையும் பார்வையாளர்களுக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆயினும், காசு வாங்காத நேர்மையான ஆர்வலரின் பார்வையிலும் ஒரு குருட்டுப் பகுதி இருக்கிறது. அவர் கருவியைப் பார்க்கிறார்; கருவிக்கு முன்னும் பின்னும் நிற்கும் மனித உறவுகளைப் பார்ப்பதில்லை. யார் கையில் இந்தக் கருவி உருவானது, யார் இதை வாங்க நிர்ப்பந்திக்கப்படுகிறார், பழுதானால் யார் இழப்பைச் சுமக்கிறார் என்பவை அவரது மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுவதில்லை. மதிப்பெண் பட்டியல் நுகர்வோருக்கானது. உழைப்பாளிக்கான பட்டியலை உழைப்பாளி இயக்கம்தான் தயாரிக்க வேண்டும்.

அன்று ஆலையின் கருவி, இன்று தொழிலாளியின் கடன்

பெங்களூருவுக்கும் தொலைபேசிக்குமான உறவு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பெங்களூரு கிழக்கு நிலையத்திலிருந்து கிருஷ்ணராஜபுரம் நோக்கிச் செல்லும் அதே ரயில் பாதையை ஒட்டிய தூரவாணிநகரில்தான் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் எனப்படும் ஐடிஐ 1948-இல் நிறுவப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம் என்று அறியப்படும் ஆலை அது. ஒரு தலைமுறைக்கு இந்திய வீடுகளில் மணியடித்த தொலைபேசிகள் அங்குதான் உருவாயின. 1984-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சி-டாட் வடிவமைத்த கிராமப்புறத் தொலைபேசி இணைப்பகம், 1986-இல் முதன்முதலாக நிறுவப்பட்டதும் இதே கர்நாடகத்தின் கித்தூரில்தான்.

ஐடிஐ தொழிலாளி தன் வீட்டிலிருந்து இயந்திரம் எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்லவில்லை. கருவி, மின்சாரம், பழுதுபார்ப்பு அனைத்தும் ஆலையின் பொறுப்பு. அவருக்குச் சங்கம் இருந்தது. ஊதிய ஒப்பந்தம் இருந்தது. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாட்கள் நீடித்த பெங்களூருப் பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஐடிஐ, எச்ஏஎல், எச்எம்டி, பிஇஎல், பிஇஎம்எல் ஆலைகளை ஒருங்கே நிறுத்திய வரலாறு இந்நகருக்கு உண்டு.

அதே நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டே இன்று ஸ்விக்கியும் பிளிப்கார்ட்டும் போன்பேயும் இயங்குகின்றன. இந்தப் புதிய ஏற்பாட்டில் வாகனம் தொழிலாளியுடையது; பெட்ரோல் தொழிலாளியுடையது; கைபேசியும் டேட்டாவும் தொழிலாளியுடையவை. நிறுவனத்திடம் இருப்பது செயலியும் அதன் மூலம் கிடைக்கும் கட்டுப்பாடும் மட்டுமே. முதலீட்டின் பெரும்பங்கைத் தொழிலாளியின் தலையில் இறக்கிவிட்டு, அவருக்குப் ‘பங்குதாரர்’ என்று பெயர் சூட்டியிருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரும் ‘கண்டுபிடிப்பு’. பங்குதாரர் என்றால் லாபத்தில் பங்கு இருக்க வேண்டும். இவருக்கோ செலவில் மட்டுமே பங்கு.

நிதி ஆயோக்கின் 2022 ஆண்டு அறிக்கையின்படி, 2020-21-இல் நாட்டில் இத்தகைய கிக் தொழிலாளர்களின் எண்ணிக்கை 77 லட்சம்; 2029-30-இல் அது 2.35 கோடியாக உயரும் என்பது அதன் கணிப்பு. இவர்களின் தொடர் போராட்டங்களின் விளைவாகவே, 2023-இல் ராஜஸ்தானிலும் 2025-இல் கர்நாடகத்திலும் சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்கு வழங்கப்படும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனம் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், காரணம் கூறி 14 நாட்கள் முன்னறிவிப்பு தராமல் பணிநீக்கம் செய்யக் கூடாது என்றும் கர்நாடகச் சட்டம் கூறுகிறது. 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் நாடெங்கும் செயலி வழித் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து, பத்து நிமிட விநியோகம் என்ற விளம்பர வாசகத்தைக் கைவிட வேண்டிய நிலைக்கு நிறுவனங்கள் தள்ளப்பட்டன. இவை வரவேற்கத்தக்க முன்னேற்றங்கள்.

எனினும், உழைப்புக் கருவியின் செலவு யாருடையது என்ற அடிப்படைக் கேள்வி இன்னும் தீர்க்கப்படவில்லை. இது நிறைவேற முடியாத கோரிக்கையும் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வேலை தொடர்பான அழைப்புகளுக்குச் சொந்தக் கைபேசியைப் பயன்படுத்த வேண்டியிருந்தால், கட்டணத்தின் நியாயமான பகுதியை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே ஏற்கப்பட்ட கோட்பாடு இது. ஆனால், அந்த உரிமை ‘ஊழியர்’ என்ற தகுதி உள்ளவருக்கே கிடைக்கும். அதே மாநிலத்தில் 2020-இல் செயலி நிறுவனங்கள் பெரும் பணத்தைக் கொட்டி, தங்கள் ஓட்டுநர்களை ஊழியர் அல்லாதோராக ஆக்கும் மக்கள் வாக்கெடுப்பை வென்றன. ‘பங்குதாரர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மறுக்க முடியாத கருவி

தனியார் நிறுவனங்கள் மட்டுமே இந்தக் கட்டாயத்தை உருவாக்கவில்லை. அரசும் அதே வழியில் செல்கிறது. ஒன்றிய அரசு 2021-இல் கொண்டுவந்த ‘போஷன் டிராக்கர்’ செயலியில் அங்கன்வாடி ஊழியர்கள் அன்றாடப் பதிவுகளைச் செய்ய வேண்டும். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கான அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த கைபேசிகளைத் திருப்பி ஒப்படைத்துப் போராடினர். நினைவகம் போதாத கருவி, அடிக்கடி ஏற்படும் பழுது, அந்தப் பழுதின் செலவைத் தங்கள் தலையில் கட்டுவது, தங்கள் மொழியில் இல்லாத செயலி ஆகியவையே அவர்களது குற்றச்சாட்டுகள். எந்தத் தொழில்நுட்ப இதழும் வெளியிட்டிராத, மிகக் கூர்மையான கருவி மதிப்புரை அதுவே எனலாம். பயன்படுத்தியவர்கள் எழுதினர், ஊர்வலமாகச் சென்று எழுதினர்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாளொன்றுக்கு இருமுறை, இடக்குறியீட்டுடன் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் மண் வெட்டிய பெண்ணின் உழைப்பு, செயலியில் ஏறாவிட்டால் உழைப்பாகவே கணக்கில் வரவில்லை. மண்ணில் தெரியும் வேலையைவிட, திரையில் தெரியும் படமே உண்மை என்றாகிவிட்டது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததும் மறக்கத்தக்கதல்ல. ‘கையில் காசு வேண்டாம், கைபேசியில் செலுத்துங்கள்’ என்று ஆண்டுக் கணக்கில் சிறு வணிகர்களை யுபிஐக்குப் பழக்கினார்கள். பழகிய பின்னர், அந்தப் பரிவர்த்தனைக் கணக்குகளை வைத்தே வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்ற ஒரு வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் சென்றது. பெங்களூருவின் தேநீர்க் கடைகளிலும் பேக்கரிகளிலும் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்கத் தொடங்கின. வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின், பழைய நிலுவைகளை வசூலிக்கப் போவதில்லை என்று முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

சதுர அட்டை ஒன்றை ஒட்டிவைப்பது வெறும் வசதி என்றுதான் அந்த வணிகர்கள் நினைத்தனர். தங்கள் வியாபாரம் முழுவதும் வேறு யாரோ படிக்கும் பேரேடாக மாறிவிட்டது என்பதை நோட்டீஸ் வந்த பிறகே உணர்ந்தனர். இந்தப் பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வால்மார்ட் வசமுள்ள போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டு செயலிகள் வழியாகவே நடக்கிறது. எந்த ஒரு செயலியும் 30 சதவீதத்திற்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று 2020-இல் அறிவிக்கப்பட்ட வரம்பு, 2026 டிசம்பர் இறுதி வரை தள்ளிப்போடப்பட்டது. சிறு வணிகருக்கு நோட்டீஸ் அனுப்பக் காட்டிய வேகம், ஏகபோகத்திற்கு வரம்பு விதிப்பதில் காட்டப்படவில்லை.

ஏழையின் கருவிக்கு ஆயுள் குறைவு

கட்டாயமாக வாங்க வேண்டிய கருவி என்றால், அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இங்குதான் வர்க்க வேறுபாடு அப்பட்டமாகத் தெரிகிறது. 2023-இல் கூகுளும் 2024-இல் சாம்சங்கும் தங்களது விலை உயர்ந்த கைபேசிகளுக்கு ஏழாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. மலிவு விலைக் கைபேசிகள் பலவற்றுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகளே. வசதி படைத்தவரின் கருவி ஏழாண்டு வாழும். ஆனால் அவர் அதை இரண்டே ஆண்டில் மாற்றிவிடலாம். தவணையில் வாங்கிய உழைப்பாளிக்கு அது ஏழாண்டு உழைத்தாக வேண்டும். ஆனால் அவரது கருவியை நிறுவனம் சில ஆண்டுகளிலேயே கைகழுவிவிடுகிறது.

கருவி உடையாமல் இருந்தாலும் செயலிகள் அதைச் சாகடிக்கின்றன. 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 மற்றும் அதற்கு முந்தைய பதிப்புகளில் வாட்ஸ்அப் இயங்காது என்றானது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பாதுகாப்புக் காரணங்கள் சில உண்மையானவையே. ஆனால், வேண்டுமென்றே செய்யப்பட்டவையும் உண்டு. பழைய ஐபோன்களின் வேகத்தைப் பயனாளருக்கு உரிய முறையில் தெரிவிக்காமல் குறைத்ததற்காக, 2020-இல் பிரான்ஸ் அரசு ஆப்பிள் நிறுவனத்திற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

பழுதுபார்க்கும் கலையில் இந்தியா யாருக்கும் சளைத்ததல்ல. பெங்களூருவின் எஸ்.பி. ரோடும் சென்னையின் ரிச்சி தெருவும் அதற்குச் சான்று. ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளின் சிறு கடைகளில், பூதக்கண்ணாடியும் பற்றவைப்புக் கம்பியுமாக அமர்ந்திருக்கும் தொழிலாளி, பள்ளியில் எவரும் கற்பிக்காத மின்னணுவியலைக் கைப்பழக்கத்தால் கற்றவர். அவர் உயிர் கொடுக்கும் ஒவ்வொரு கைபேசியும் ஓர் உழைப்பாளிக் குடும்பத்தின் கடனைத் தள்ளிப்போடுகிறது. அவருக்கு அசல் உதிரி பாகம் கிடைப்பதில்லை; பழுதுபார்ப்புக் கையேடு தரப்படுவதில்லை. நிறுவனங்கள் பாகங்களுக்கு மென்பொருள் பூட்டு போட்டு, அங்கீகரிக்கப்பட்ட மையத்திற்கே வர வைக்கின்றன. அங்கே கேட்கும் தொகைக்குப் புதியதே வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கு மக்கள் தள்ளப்படுகின்றனர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நிறுத்தப்பட்ட பின்னும் ஏழாண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். குறைந்தது ஐந்தாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்ற விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பிரான்சில் 2021 முதல், கருவியை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு மதிப்பெண் இட்டு விற்பனையின்போதே காட்ட வேண்டும். இங்கே, 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு குழு அமைத்தது. பழுதுபார்ப்புக் குறியீடு குறித்த மற்றொரு குழு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. குழுக்களும் இணையதளங்களும் இருந்தால் போதாது. அதே நிறுவனங்கள் அங்கே சட்டத்திற்குப் பணிகின்றன. இங்கே விருப்பமிருந்தால் ஒத்துழைக்கின்றன.

மதிப்புரையில் இடம்பெறாத கைகள்

கருவியைப் பயன்படுத்தும் உழைப்பாளியைப் போலவே, அதை உருவாக்கும் உழைப்பாளியும் மதிப்புரைகளுக்கு வெளியேதான் நிற்கிறார். பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கோலார் மாவட்டம் நரசாபுராவில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில், 2020 டிசம்பரில் ஊதியப் பாக்கிக்காகத் தொழிலாளர்களின் கோபம் வெடித்தது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சானதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள், வீட்டு உபயோகக் கருவிகள் தயாரிக்கும் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சிஐடியு தலைமையில் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது.

இந்தக் கருவிகளுக்காகச் சட்டங்களே வளைக்கப்பட்டன. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம், வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியாகத் தொடர, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்ற திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா நிறைவேற்றப்பட்டது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் ஒன்றுபட்டு எதிர்த்ததால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. போராடினால் வெல்ல முடியும் என்பதற்கு இது அண்மைக்காலச் சான்று.

மலிவு என்ற வாதம்

சந்தைதானே கைபேசியையும் இணையத்தையும் மலிவாக்கி ஏழைக்குக் கொடுத்தது என்று சிலர் கேட்கலாம். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது டேட்டா விலை சரிந்தது உண்மை. உழைக்கும் மக்கள் அதனால் பயன் பெற்றதும் உண்மை. ஆனால், அந்த விலைப்போர் முடிந்தபோது களத்தில் எஞ்சியவை மூன்று தனியார் நிறுவனங்களும், நலிவடையச் செய்யப்பட்ட பிஎஸ்என்எல்லும் மட்டுமே. 4ஜி சேவை மறுக்கப்பட்டு முடக்கப்பட்ட பிஎஸ்என்எல்லிலிருந்து 2020 ஜனவரி இறுதியில் மட்டும் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற்றப்பட்டனர். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் 239 ரூபாய் மாதத் திட்டம் 299 ரூபாயாயிற்று. வீடு, வேலை, வங்கி, பள்ளி அனைத்தும் இணையத்தில் கட்டுண்ட பிறகு வந்த உயர்வு இது. முதலில் பழக்கு, பிறகு பறி என்பதே ஏகபோகத்தின் இலக்கணம்.

மாற்று வழி கற்பனையல்ல. இலவசம் என்ற பெயரில் பேஸ்புக் கொண்டுவர முயன்ற ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் காரணமாக 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தடுத்து நிறுத்தியது. பெங்களூருவிலேயே சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்தினர். கட்டணமில்லா மென்பொருள் கொண்ட கணினிகளில் அங்குள்ள குழந்தைகள் ஓவியம் வரைந்தனர். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கே-ஃபோன் திட்டம், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பு என்ற இலக்குடன் வந்தது. சாலையையும் குடிநீரையும் போல இணையமும் பொதுச் சேவையாக இருக்க முடியும் என்பதற்கு இவை வழிகாட்டிகள்.

கோரிக்கைகளாகும் மதிப்பெண்கள்

ஆகவே, கருவிகள் குறித்த உழைக்கும் மக்களின் மதிப்புரை கோரிக்கைகளாக எழுதப்பட வேண்டும்.

வேலைக்குக் கைபேசி கட்டாயம் என்றால், கருவியின் தேய்மானத்தையும் டேட்டாக் கட்டணத்தையும் வேலை வாங்குபவரே ஏற்க வேண்டும். கிக் தொழிலாளர் சட்டங்களில் இது தனிப் பிரிவாக இடம்பெற வேண்டும்.

எந்த அரசு நலத்திட்டத்திலும் பொதுச் சேவையிலும் செயலியே ஒரே வாசலாக இருக்கக் கூடாது. கைபேசி இல்லாததாலோ, பழுதானதாலோ, அலைவரிசை கிடைக்காததாலோ ஒருவரின் கூலியும் ரேஷனும் மறுக்கப்படக் கூடாது.

விலை எதுவாயினும் எல்லாக் கைபேசிகளுக்கும் குறைந்தபட்ச ஆயுளைச் சட்டம் நிர்ணயிக்க வேண்டும். உதிரி பாகங்களும் கையேடுகளும் தெருமுனைப் பழுதுபார்ப்பவருக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும். பாகங்களுக்கு மென்பொருள் பூட்டு போடுவது குற்றமாக்கப்பட வேண்டும்.

பிஎஸ்என்எல்லை முழு வலிமையுடன் பொதுத்துறையாகவே காத்து, ஏழைக் குடும்பங்களுக்கு இணையத்தை உரிமையாக வழங்க வேண்டும். கருவிகளை உருவாக்கும் ஆலைகளில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் உறுதி செய்யப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளில் தொழில்நுட்ப ஆர்வலர்களும் உடன் நிற்க முடியும். கருவியை நேசிப்பவர், அது இரண்டாண்டில் குப்பையாவதை விரும்பமாட்டார். 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் குவித்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு. அடுத்த மதிப்புரையில் கேமராவுக்கு மதிப்பெண் இடும்போது, இந்தக் கைபேசியின் பேட்டரியை ஜீவனஹள்ளியின் சிறு கடையில் மாற்ற முடியுமா, ஐந்தாண்டுக்குப் பின்னும் இதை வைத்து ஒருவர் கூலி ஈட்ட முடியுமா என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும்.

தறியும் ரயிலும் தொலைபேசியும் முதலாளிகளின் பரிசாக மக்களுக்கு வரவில்லை. மனித உழைப்பும் அறிவும் சேர்ந்து உருவாக்கியவை அவை. கைபேசியும் அவ்வாறே. அது யாருக்காக உழைக்கும் என்பதை நிறுவனங்களின் விளம்பர மேடைகள் தீர்மானிக்க அனுமதிப்பதா, உழைப்போர் ஒன்றுபட்டுத் தீர்மானிப்பதா என்பதே நம் முன் உள்ள கேள்வி. கருவி உழைப்பாளியின் கையில் வந்துவிட்டது. அதன் மீதான உரிமை இன்னும் வரவில்லை. அந்த உரிமையை வென்றெடுப்பதே இனிவரும் தொழிற்சங்க இயக்கத்தின் பணி.